என் மனைவிக்குக் கொடுத்த மூன்று மருந்துக் கூட்டும், அதைக் கொடுத்த டேகேர் பிரிவும்

மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊரைப் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் நாங்கள் இன்னும் சொல்கிறோம். 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றினார்கள், போர்டில் எல்லாம் அந்தப் பெயர்தான். இங்கே ஒரு செம்பனை ஆலையில் 31 வருஷம் எடை மேடைக் கிராணியாக, அதாவது லாரியை எடை போடும் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மனைவி சின்ன வயதிலேயே பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்க, போனவள். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு உதிரிப் பழம் பொறுக்கினாள். 2023 நவம்பரில், அவளுடைய 67-வது வயதில், மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். அந்த வார்த்தையை அன்றுதான் முதல் தடவை கேட்டோம்.

அதற்குக் கொடுத்த மருந்துகளைப் பற்றியும், வாரா வாரம் அதைப் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்ட டேகேர் பிரிவைப் பற்றியும் எழுதுகிறேன். கடைக்கும் சாப்பாட்டுக்கும் கருத்து எழுதுகிறோம். இதற்கும் யாராவது தமிழில் எழுதி வைத்திருந்தால் அந்த முதல் வாரம் எங்களுக்கு எவ்வளவோ உதவியிருக்கும். ஆஸ்பத்திரி பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன். கோலாலம்பூர் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் எப்படித் தெரிந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், எங்களை மாதிரி வேறு யாரும் தாமதிக்கக் கூடாது. அவளுக்கு ஆறு ஏழு மாதமாக இடுப்புக்கு மேலே முதுகுவலி. தோட்ட வேலை செய்த யாருக்குத்தான் முதுகு வலிக்கவில்லை? அவளும் அப்படித்தான் நினைத்தாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு தனியார் கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்தார்கள். முடிந்ததும் மறுபடி போய் வாங்கினோம். ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. அப்புறம் படி ஏறினால் மூச்சு வாங்கியது. சிறுநீரில் நுரை வந்து அடங்கவே இல்லை. கடைசியில் அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் எடுத்தபோது ஹீமோகுளோபின் 6.9. சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின் 310. அன்று சாயங்காலமே ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள்.

எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல் என்று ஒன்று இருக்கிறது. கிருமிக்கு எதிராகப் புரதம் செய்வது அதன் வேலை. அதில் ஒன்று கெட்டுப்போய்க் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் மைலோமா. கெட்டது நல்ல ரத்த அணுக்களுக்கு இடம் விடாது, அதனால் ரத்தசோகை. எலும்பை அரிக்கும், அதனால் முதுகுவலி. அது செய்யும் உதவாத புரதம் சிறுநீரகத்தில் போய் அடைத்துக்கொள்ளும். இந்த நிலையில் சில வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. வயதானவருக்கு விடாத முதுகுவலியும் ரத்தசோகையும் சேர்ந்து இருந்தால், சிறுநீரிலும் நுரை இருந்தால், "ரத்தத்தில் புரதப் பரிசோதனை செய்யலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை ஆறு மாதம் முன்னால் நான் கேட்டிருக்க வேண்டும்.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன்.

முதல் கூட்டு மூன்று மருந்து. போர்டெசோமிப் என்ற ஊசி, சைக்ளோபாஸ்பமைட் என்ற மாத்திரை, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. சிறுநீரகம் அந்த அளவுக்குக் கெட்டிருந்ததால் இதில் தொடங்கி, அது தேறிய பிறகு சைக்ளோபாஸ்பமைட்டை எடுத்துவிட்டு லெனலிடோமைட்டைச் சேர்ப்போம் என்று டாக்டர் முதல் நாளே திட்டத்தைச் சொல்லிவிட்டார். அந்த இரண்டாவது கூட்டுதான் முக்கியமானது என்றார்.

எனக்குள் ஒரு பயம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஒரே நேரத்தில மூணு மருந்தா? பெரிய ஆஸ்பத்திரியில நம்மள வெச்சுத்தான் சோதிச்சுப் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அது மனதிலேயே உட்கார்ந்துகொண்டது. அடுத்த வாரம் டாக்டரிடம் நேராகவே கேட்டேன், எனக்குத் தெரிந்த மலாயில். "டாக்டர், இது சோதனையா? ஒரு மருந்து போதாதா?"

அவர் சீனப் பெண்மணி, வயது நாற்பது இருக்கும். வெளியே முப்பது பேர் காத்திருக்கிறார்கள். கோபப்படவில்லை. கணினியை என் பக்கம் திருப்பி, சோதனை நடந்தது உண்மைதான், ஆனால் அது உங்கள் மனைவியிடம் நடக்கவில்லை, ஏற்கெனவே வேறு ஆட்களிடம் நடந்து முடிந்துவிட்டது என்றார். அமெரிக்காவில் 2008-ல் தொடங்கிய ஒரு ஆய்வு அது. புதிதாக மைலோமா கண்டுபிடிக்கப்பட்டு, உடனே மஜ்ஜை மாற்று செய்யும் திட்டம் இல்லாத 525 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்கு லெனலிடோமைட்டும் டெக்சாமெத்தசோனும். இன்னொரு பாதிக்கு அதே இரண்டோடு போர்டெசோமிப்பும், அதாவது எங்களுக்குச் சொன்ன அந்த இரண்டாவது கூட்டு. யாருக்கு எது என்று டாக்டரும் தேர்ந்தெடுக்க முடியாது, நோயாளியும் தேர்ந்தெடுக்க முடியாது, குலுக்கல் மாதிரிதான் விழும்.

"ஏன் குலுக்கல்? டாக்டருக்குத் தெரியாதா யாருக்கு எது வேண்டும் என்று?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் என் தொழிலிலேயே இருந்தது. திடமான ஆளைப் பார்த்துக் கடுமையான மருந்தைக் கொடுப்பார்கள், தளர்ந்த ஆளுக்கு லேசானதைக் கொடுப்பார்கள். திடமானவர் கூடுதல் நாள் இருப்பார், பெயர் மருந்துக்குப் போய்விடும்.

31 வருஷம் நான் செய்த வேலையே இதுதான். செம்பனைக் குலை லாரி உள்ளே வரும்போது ஒரு எடை. குலையைக் கொட்டிவிட்டு வெறும் லாரியாக வெளியே போகும்போது இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குலை. அந்த வித்தியாசம் சரியாக வர வேண்டுமென்றால் நடுவில் வேறு எதுவும் மாறியிருக்கக் கூடாது. வரும்போது உள்ளே உட்கார்ந்திருந்த டிரைவர் போகும்போது இறங்கி நின்றால், அவருடைய எடையும் குலைக் கணக்கில் ஏறிவிடும். அதனால்தான் இரண்டு தடவையும் டிரைவரை இறக்கி நிற்கவைத்து எடை போடுவோம். ஒரு மருந்தை மட்டும் கூட்டிவிட்டு மற்றதெல்லாம் ஒரே மாதிரி வைத்திருந்தால், வருகிற வித்தியாசம் அந்த மருந்தினுடையது. இதைச் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டார். "பெத்துல், பாக்சிக்" என்றார், சரிதான் அங்கிள் என்று.

அந்த வித்தியாசம் என்ன என்று என் நோட்டுப் புத்தகத்தில் அன்றே குறித்துக்கொண்டேன். 2017-ல் வெளியான கணக்கு. இரண்டு மருந்து எடுத்தவர்களில் நோய் மறுபடி தலைதூக்காமல் இருந்த காலம், நடுக்கணக்காக (பாதிப் பேருக்கு இதற்குக் குறைவு, பாதிப் பேருக்கு இதற்கு மேல்), 30 மாதம். மூன்று மருந்தில் 43 மாதம். உயிரோடு இருந்த காலம் 64 மாதத்துக்கு 75 மாதம். இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. தொடக்கச் சிகிச்சையில் பக்கவிளைவு தாங்காமல் நிறுத்தியவர்கள் இரண்டு மருந்தில் நூற்றுக்குப் பத்துப் பேர், மூன்று மருந்தில் 23 பேர். டாக்டர் இதையும் மறைக்காமல் சொன்னார். நல்லதை மட்டும் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு நம்பிக்கை வந்திருக்காது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏங்க, அந்த 525 பேர்ல இப்ப எத்தன பேரு இருக்காங்க?" எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. 2008-ல் தொடங்கியது, நடுக்கணக்கு 75 மாதம், 64 மாதம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் இருக்க மாட்டார்கள். அவளுக்கும் அது புரிந்துவிட்டது. கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இனி டேகேர் பிரிவு. காலை 4.45-க்கு வீட்டை விட்டுக் கிளம்புவோம். ஈஜோக் போய் லாத்தார் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஜாம் தொடங்குவதற்கு முன்னால் போய்விடலாம். போனதும் நம்பர் எடுக்க வேண்டும், ரத்தம் கொடுக்க வேண்டும், அப்புறம் உயரமும் எடையும். ரத்த ரிசல்ட் வந்து டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மருந்தகத்தில் ஊசி மருந்தைக் கலப்பார்கள். முன்கூட்டிக் கலந்து வைக்க மாட்டார்கள். இது தெரியாமல் முதல் இரண்டு வாரம் நான் மிஸ்ஸியிடம் (நர்சை இங்கே அப்படித்தான் சொல்வோம்) போய் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

எடை போடும் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் மனைவிக்கு உயரம் 150 சென்டிமீட்டர், எடை 52 கிலோ. இந்த இரண்டையும் வைத்து உடம்பின் மேல்பரப்பைக் கணக்கிடுகிறார்கள், அவளுக்கு 1.47 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 1.3 மில்லிகிராம் போர்டெசோமிப். ஆக அவளுக்கு 1.9 மில்லிகிராம். ஊசிக்குழாயில் வந்தபோது பார்த்தேன், முக்கால் மில்லிலிட்டர்தான். ஒரு தேக்கரண்டியில் ஆறில் ஒரு பங்கு கூட இல்லை. டன் கணக்கில் எடை போட்ட எனக்கு அதைப் பார்க்க நெஞ்சு என்னவோ செய்தது. அவ்வளவு கொஞ்சம் மருந்துக்காகத்தான் நாங்கள் அத்தனை தூரம் வந்திருக்கிறோம். அது கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அவளுக்குத்தான். அதற்குப் பிறகு அவள் தராசில் ஏறும்போதெல்லாம் செருப்பைக் கழற்றியிருக்கிறாளா, கைப்பையைக் கீழே வைத்திருக்கிறாளா என்று பார்ப்பேன். ஒரு மிஸ்ஸி இதைக் கவனித்துவிட்டு, எங்களைக் கண்டாலே முதலில் கைப்பையை வாங்கி வைத்துக்கொள்வார்.

ஊசி வயிற்றுத் தோலுக்கு அடியில் போடுவது. ஒரு வாரம் தொப்புளுக்கு வலது பக்கம், அடுத்த வாரம் இடது பக்கம், அதற்கடுத்து இன்னும் கொஞ்சம் தள்ளி. ஒரே இடத்தில் போட்டால் தோல் புண்ணாகும் என்பதால் ஒவ்வொரு தடவையும் போட்ட இடத்தைப் படமாக வரைந்து குறித்து வைக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த மிஸ்ஸி ஒருவர், கிளந்தான்காரர், தோலைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு "சிகித் ஜெ, அம்மா" என்பார், கொஞ்சம்தான் என்று. அவர் சொல்லி முடிப்பதற்குள் ஊசி முடிந்திருக்கும். மறுநாள் அந்த இடம் ஐம்பது காசு அளவுக்குச் சிவந்து, ஒரு வாரத்தில் பழுப்பாகி மறையும்.

தோலுக்கு அடியில் போடுவதற்கும் ஒரு காரணம் உண்டு. முன்பு இதை ரத்தக்குழாய் வழியாகத்தான் ஏற்றினார்கள். கால் விரல் மரத்துப்போவது, எரிவது, ஊசி குத்துவது மாதிரி இருப்பது என்று பலர் அவதிப்பட்டார்கள். அப்புறம் 222 நோயாளிகளை வைத்து அதே மருந்தை இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்தார்கள். 2011-ல் வந்த முடிவு: ரத்தக்குழாய் வழியாகப் போட்டவர்களில் நூற்றுக்கு 53 பேருக்கு நரம்புக் கோளாறு, தோலுக்கு அடியில் போட்டவர்களில் 38 பேருக்கு. மருந்தின் பலன் குறையவில்லை. மருந்து அதே மருந்துதான், போடும் இடம் மட்டும் மாறியது. என் மனைவிக்கும் நான்காவது மாதத்தில் இரண்டு கால் கட்டைவிரலும் மரத்தது. உடனே சொன்னதால் அளவைக் குறைத்தார்கள், அதற்கு மேல் ஏறவில்லை. தாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். நம் தோட்டத்துப் பெண்கள் எதையும் தாங்கிக்கொள்பவர்கள், இந்த மருந்தில் அது கூடாது.

ஸ்டீராய்டு பற்றி யாரும் எங்களைச் சரியாகத் தயார்படுத்தவில்லை. ஊசி நாளும் மறுநாளும் 20 மில்லிகிராம். அந்த இரண்டு இரவும் அவளுக்குத் தூக்கமே கிடையாது. ஒரு தடவை விடியற்காலை மூன்று மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்து போனேன். சமையலறை அலமாரியில் இருந்த டப்பா எல்லாவற்றையும் தரையில் இறக்கி வைத்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். மல்லித்தூள் டப்பா, சீரக டப்பா, பேரப்பிள்ளைக்கு வைத்திருக்கும் மைலோ டப்பா. முகம் சிவந்திருந்தது, கண் பளபளவென்று இருந்தது. "தூக்கம் வரலிங்க, உடம்பு பரபரங்குது" என்றாள். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலாவது நாள் வந்தால் அப்படியே சோர்ந்து படுத்துவிடுவாள், சின்னச் சொல்லுக்கும் அழுவாள். சர்க்கரையும் 14 வரை ஏறியது. மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே வேளையாகக் கொடுத்துவிட வேண்டும், மத்தியானத்துக்கு மேல் தள்ளக் கூடாது. இதை எங்களுக்கு மூன்றாவது வாரம்தான் சொன்னார்கள்.

சொன்னவர் மருந்தகத்தில் இருந்த தமிழ்ப் பெண். இந்த அனுபவத்தில் நான் ஐந்துக்கு ஐந்து போடுவது அவருக்குத்தான். "அங்கிள், வீட்ல என்னென்ன குடிக்கிறாங்க, எல்லாத்தையும் சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்" என்று ஆரம்பித்தார். சொன்னேன். சொந்தக்காரர் ஒருவர் கொடுத்த கிரீன் டீ மாத்திரை, துரியன் பெலாண்டா (முள் சீத்தா) இலைக் கஷாயம், விட்டமின் சி. கிரீன் டீயில் உள்ள ஒரு சத்து போர்டெசோமிப்பைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாமல் பண்ணும் என்று ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள், அதனால் மாத்திரையாக எடுப்பதை நிறுத்துங்கள் என்றார். மற்றதையும் இந்த மருந்து முடியும் வரை வேண்டாம் என்றார். சாதாரணப் பால் டீ குடிக்கலாமா என்று மனைவி கவலையோடு கேட்டாள். தாராளமாக என்று சொன்ன பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. அசைக்ளோவிர் மாத்திரை எதற்கு என்றும் அவர்தான் விளக்கினார். போர்டெசோமிப் போடும்போது அக்கி வர வாய்ப்பு அதிகம், அதைத் தடுக்க இது. புற்றுநோய் மருந்து இல்லையே என்று இதை நாங்கள் இடையிடையே விட்டுக்கொண்டிருந்தோம்.

2024 பிப்ரவரிக்குள் கிரியேட்டினின் 310-லிருந்து 110-க்கு இறங்கியது. டாக்டர் சொன்னபடி சைக்ளோபாஸ்பமைட்டை நிறுத்தி லெனலிடோமைட் ஆரம்பித்தார். வழக்கமான அளவு 25 மில்லிகிராம், சிறுநீரகம் முழுதாகத் தேறாததால் இவளுக்கு 10. இந்த மருந்து விஷயத்தில் ஆஸ்பத்திரி சமூகப் பணியாளரைப் பாராட்ட வேண்டும். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு, தாபோங் பந்துவான் பெருபாத்தான் என்பார்கள், எங்கள் பாரத்தைக் கூடவே உட்கார்ந்து நிரப்பினார். என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரே தடவையில் எழுதிக் கொடுத்ததால் அலைச்சல் இல்லை.

லெனலிடோமைட்டை வீட்டில் வைப்பதே தனிப் பொறுப்பு. அது தாலிடோமைட்டின் இனம். தாலிடோமைட்டை 1950-களின் கடைசியில் கர்ப்பிணிகள் வாந்திக்கும் தூக்கத்துக்கும் சாப்பிட்டு, கை கால் குறைபாட்டோடு பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. அதே மருந்து மைலோமாவுக்குக் கேட்கிறது என்று 1999-ல் கண்டார்கள். அந்த வழியில் வந்ததுதான் இது. எங்கள் மருமகள் அப்போது ஆறு மாதம். காப்சூலைத் திறக்கக் கூடாது, மருமகள் கையால் எடுத்துக்கூடக் கொடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். நான் அதைச் சாமி அறை மேல்தட்டில் பிஸ்கட் டின்னுக்குள் வைத்துப் பூட்டினேன். ரத்தம் உறையாமல் இருக்கக் கூடவே ஆஸ்பிரின். பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவற்றில் சிறுநீரகம் மிக மோசமானவர்களைச் சேர்ப்பதில்லை என்று டாக்டர் சொன்னார். அதாவது முதல் நாள் வந்த நிலையில் என் மனைவி எடை மேடையில் ஏற அனுமதி இல்லாத லாரி. அப்படியென்றால் அந்த 43 மாதம் இவளுக்குப் பொருந்துமா? பொருந்தலாம், அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். எங்கள் ஆளை மாதிரி உள்ளவர்களையும் சேர்த்து எடை போட வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போதே சிறுநீரகம் போய், ரத்தம் வற்றி வருபவர்கள்தான் தோட்டப்புறத்தில் இருக்கிறார்கள். இதை யார் காதில் போட்டால் நடக்குமோ, அவர்களுக்காகத்தான் இந்தப் பத்தியை எழுதுகிறேன்.

நான்காவது மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 ஜூன் மாதம் என் மகன் போனில் ஒரு செய்தி அனுப்பினான். இதே மூன்று மருந்தோடு இசாடுக்சிமாப் என்ற எதிர்ப்புப் புரத மருந்தையும் சேர்த்து 446 பேரிடம் பார்த்திருக்கிறார்கள், 80 வயது வரை உள்ளவர்கள், மஜ்ஜை மாற்றுக்குப் போகாதவர்கள். இம்ரோஸ் என்று அந்த ஆய்வுக்குப் பெயர். ஐந்து வருஷத்தில் நோய் முற்றாமல் உயிரோடு இருந்தவர்கள் நான்கு மருந்தில் நூற்றுக்கு 63, மூன்றில் 45. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. நம்மவளுக்குக் குறைந்ததைக் கொடுத்துவிட்டார்களோ என்ற எண்ணம்தான். அடுத்த வாரம் அந்தச் செய்தியை டாக்டரிடம் காட்டினேன். உண்மைதான், நல்ல முடிவு, எல்லாருக்கும் கொடுக்கும் அளவுக்கு இங்கே கையில் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதோடு இன்னொன்றும் சொன்னார். இந்த ஆய்வில் நான்காவதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள், உங்கள் மனைவி எடுக்கும் அதே மூன்றோடுதான். நான் அதைக் கவனிக்கவே இல்லை. 2008-ல் சோதிக்கப்பட்ட மூன்று மருந்துக் கூட்டு, இப்போது மற்ற மருந்துகளை எடை போடும் படிக்கல்லாக ஆகியிருக்கிறது. அது எனக்குத் தைரியம் கொடுத்தது. நான்காவது மருந்து நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் எல்லாருக்கும் வர வேண்டும் என்ற ஆசையும் அதே அளவுக்கு இருக்கிறது.

குறைகள். காத்திருக்கும் இடத்தில் இரும்பு நாற்காலி, முதுகெலும்பு அரித்துப்போன நோயாளிகள் ஐந்து ஆறு மணி நேரம் அதில் உட்கார வேண்டியிருக்கிறது. நாங்கள் தலையணை கொண்டுபோனோம். ஒரு தடவை எடுத்த ரத்தம் கட்டிப்போய்விட்டது என்று பதினொரு மணிக்குத்தான் சொன்னார்கள், மறுபடி எடுத்து ஊசி போட்டு முடிக்க மாலை நாலரை. அவள் காலையில் சாப்பிட்ட இரண்டு தோசையோடு இருந்தாள். இதையெல்லாம் விட என் பெரிய வருத்தம் விளக்கத் தாள்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன, சீனத்திலும் ஒன்றிரண்டு பார்த்தேன், தமிழில் ஒன்றும் இல்லை. ஸ்டீராய்டை எப்போது சாப்பிட வேண்டும், காய்ச்சல் 38-ஐத் தாண்டினால் உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும் என்பதெல்லாம் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அங்கே வரும் நம் பாட்டிமார்களுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். நான் என் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்ததைக் காத்திருக்கும் நேரத்தில் மூன்று குடும்பத்துக்குப் படித்துக் காட்டினேன். அதைப் பார்த்த மருந்தகப் பெண் வாங்கி, இரண்டு இடத்தில் திருத்தி, பிரதி எடுத்து வைத்துக்கொண்டார். இப்போது அது அவர் மேசையில் இருக்கிறது.

அவளுடைய கணக்கு இது. கெட்ட புரதத்தைக் காட்டும் காப்பா எண் தொடக்கத்தில் 4,860. எட்டுச் சுற்று முடிந்தபோது 38. ஹீமோகுளோபின் 10.8. முதுகு இன்னும் குனிந்துதான் இருக்கிறது, நசுங்கிய எலும்பு நிமிராது. ஊசியை நிறுத்திவிட்டு இப்போது லெனலிடோமைட்டும் குறைந்த அளவு டெக்சாமெத்தசோனும் தொடர்கிறது.

போன ஆடி மாதம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அர்ச்சனைத் தட்டை நீட்டியபோது குருக்கள் வழக்கம்போலப் பெயர், நட்சத்திரம் கேட்டார். என் பெயரும் பிள்ளைகள் பெயரும் சொல்லுவாள் என்று நினைத்தேன். "பேரு தெரியாது சாமி. 525 பேரு. அமெரிக்காக்காரங்க" என்றாள். குருக்கள் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, நட்சத்திரம் தெரியாதவர்களுக்குச் சொல்வது மாதிரி சொல்லி, பூவைப் போட்டார். அவள் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இன்னொரு 222 பேரும் இருக்காங்க, அடுத்த தடவ சொல்றேன்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

இப்போது நான்கு வாரத்துக்கு ஒரு தடவை போகிறோம், செவ்வாய்க்கிழமை. காரில் பின்சீட்டு காலியாகத்தான் போகிறது. ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர்கள் யாராவது இருந்தால் மாரியம்மன் கோயில் எதிரில் உள்ள சாப்பாட்டுக் கடையில் எடை மேடைக் கிராணி என்று கேளுங்கள், சொல்வார்கள். 4.45-க்குக் கிளம்புவோம், தலையணை இரண்டு வைத்திருக்கிறேன்.